மாமாவின்ர கார், அம்மாவின்ர ஞாயிற்றுக்கிழமை

எங்கட வீட்டுப் போர்ட்டிக்கோவில் ஒரு வெள்ளை ரொயோட்டா அக்குவா நிக்குது. சுன்னாகத்தில், காங்கேசன்துறை வீதியில இருந்து உள்ளுக்கு இறங்கிற ஒரு ஒழுங்கையில். ஆனா அது எங்கட கார் இல்லை, ரொறன்ரோவில் இருக்கிற மாமாவின்ர கார். வாகனப் புத்தகத்தில் அம்மாவின்ர பேர். காசு மாமாவின்ரது. திறப்பு சாமியறை அலுமாரிக்குள்ள.

சுன்னாகம், மல்லாகம், உடுவில், இணுவில் எண்டு எந்த ஒழுங்கைக்குள்ள போனாலும் இப்பிடி ஒண்டைக் காணலாம். துணி போர்த்த ஒரு கார், அதுக்குப் பக்கத்தில் பூட்டின ஒரு அறை. ரெண்டும் வெளிநாட்டில் இருக்கிற ஒருத்தருக்குச் சொந்தம். நல்லூர்த் திருவிழாவுக்கு வருவினம், மூண்டு கிழமை நிப்பினம், போயிடுவினம். மிச்சம் நாற்பத்தொன்பது கிழமையும் அதைப் பாக்கிறது இங்க இருக்கிற ஆக்கள். காணிப் பிரச்சினையைப் பற்றி எழுதுறம், சீதனத்தைப் பற்றி எழுதுறம். கார் எண்டா சின்ன விஷயம் எண்டு விட்டிடுறம். போன வருஷம் எங்கட வீட்டில் நடந்ததுக்குப் பிறகு எனக்கு அது சின்ன விஷயமாத் தெரியேல்லை.

என்ர கருத்தை முதலே சொல்லிடுறன். பாவிச்ச ஹைபிரிட் கார் ஒண்டை வெளிநாட்டில் இருந்துகொண்டு சும்மா வச்சிருக்க ஏலாது. ஒண்டில் அதை இங்க இருக்கிற ஆக்கள் ஓட வேணும், இல்லாட்டி விக்க வேணும். சொந்தக்காரரைக் காவலுக்கு விட்டுப் பூட்டி வைக்கிறது காரையும் பழுதாக்கும், சொந்தத்தையும் பழுதாக்கும்.

மாமா 95 இடப்பெயர்வுக்குப் பிறகு போனவர். இந்தக் காரை வாங்கினது 2019 இல். 2014 ஆம் ஆண்டுத் தயாரிப்பு. யப்பானில் ஒருத்தர் ஓடி, பிறகு கொழும்பில் ஒருத்தர் ஓடி, மூண்டாவதாத்தான் எங்கட போர்ட்டிக்கோவுக்கு வந்தது. அந்த நேரம் ஊரில் எல்லாரும் ஹைபிரிட்தான் கதைச்சவை. பெற்றோல் குறைய, ஏசி குளிர், சத்தமில்லை. அடுத்த வருஷம், 2020 மார்ச்சில், அரசாங்கம் வாகன இறக்குமதியை நிப்பாட்டிச்சு. அதோட நாட்டில் நிண்ட பழைய காருகளுக்கெல்லாம் விலை ஏறத் தொடங்கிச்சு. மாமா போனில் சொல்லுவார்: "அக்கா, அது காரில்லை, வங்கியில போட்ட காசு மாதிரி."

வங்கியில் போட்ட காசு சும்மா கிடந்தாலும் வட்டி வரும். ஹைபிரிட் கார் அப்பிடியில்லை. ஏன் எண்டு கொஞ்சம் விளங்கப்படுத்த வேணும், ஏனெண்டா எங்கட வீட்டுப் பிரச்சினையே இது ஒருத்தருக்கும் விளங்காததால வந்ததுதான்.

அக்குவாவில் ரெண்டு பற்றரி இருக்கு. ஒண்டு எல்லாக் காரிலும் இருக்கிற 12 வோல்ற் பற்றரி. மற்றது பின் சீற்றுக்குக் கீழ இருக்கிற பெரிய பற்றரி. அது நிக்கல் மெற்றல் ஹைட்றைட் வகை. ஒவ்வொண்டும் 7.2 வோல்ற் உள்ள 20 கட்டுகளை வரிசையாச் சேர்த்து 144 வோல்ற் ஆக்கியிருப்பினம். எங்கட மெக்கானிக்மார் அந்தக் கட்டுகளைத்தான் "செல்" எண்டு சொல்லுறவை. இந்தக் காரில் பழைய காருகளில் இருக்கிற ஸ்டார்ட்டர் மோட்டர் இல்லை. 12 வோல்ற் பற்றரி கணினியை எழுப்பும், பெரிய பற்றரிதான் எஞ்சினைச் சுழற்றும். பெரிய பற்றரி அடியோட இறங்கிச்செண்டா, பக்கத்து வீட்டுக் காரில இருந்து வயர் போட்டு 12 வோல்ற்றை ஏத்தினாலும் எஞ்சின் எழும்பாது.

இந்த வகைப் பற்றரி சும்மா நிண்டாலும் தன்ர பாட்டுக்கு இறங்கும். வெக்கைக்கு இன்னும் கெதியா இறங்கும். இருபது கட்டும் வரிசையில இருக்கிறதால ஒண்டு சோர்ந்தாலும் மற்ற எல்லாம் அதோட சேர்ந்து கஷ்டப்படும். அதைக் குளிராக்க ஒரு சின்ன விசிறி, காத்து இழுக்கிற வாய் பின் சீற்றோரம். சுன்னாகத்துச் செம்மண் புழுதி பற்றி நான் சொல்லத் தேவையில்லை. வெள்ளைச் சட்டையைக் கொடியில் காயப்போட்டா பின்னேரம் என்ன நிறத்தில் எடுப்பம் எண்டு எல்லாருக்கும் தெரியும். அந்தப் புழுதி அந்த வாயையும் அடைக்கும். ஆகவே இந்தக் காருக்கு வேண்டியது மூண்டு: அடிக்கடி ஓட்டம், நிழல், துப்புரவு. நிழல் மட்டும் எங்கட போர்ட்டிக்கோவில் கிடைச்சுது.

2022 இல் என்ன நடந்தது எண்டதைச் சொல்ல வேணும், ஏனெண்டா அந்த வருஷந்தான் அந்தக் கார் நல்லா இருந்தது.

அந்த வருஷம் பெற்றோல் இல்லை. வரிசையில் ராத்திரிப் பகலா நிண்டம். பிறகு ஆகஸ்ட்டில் நாடு முழுக்கக் கியூஆர் முறை வந்துது. காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். எங்கட ஒழுங்கையில் கிழமைக்கு 20 லீற்றர் கிடைக்கிற வாகனம் மாமாவின்ர அக்குவா மட்டுந்தான். அதுவும் கொஞ்சப் பெற்றோலில் கனதூரம் போற கார். அம்மா மாமாவைக் கேட்டா, மாமா ஓம் எண்டார். ஒழுங்கையில் ஓட்டோ ஓடுற அண்ணா ஒருத்தர் சாரதியானார். அவற்ற ஓட்டோ பெற்றோல் இல்லாமல் வீட்டில் நிண்டது. பக்கத்து வீட்டு அக்காவைப் பிள்ளைப்பேற்றுக்குத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அந்தக் காரில். முன்வீட்டு ஐயாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனது, எங்கட அம்மம்மாவின்ர கண் சத்திரசிகிச்சைக்குப் போனது, எல்லாம் அதில்தான். கிழமைக்கு ரெண்டு மூண்டு தரம் கார் வெளிக்கிட்டது. பற்றரிக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை எண்டு அப்ப எங்களுக்குத் தெரியாது.

2023 செப்டெம்பரில் கியூஆர் கட்டுப்பாடு எடுபட்டது. அதுக்கு முதலே, அந்த வருஷத் திருவிழாவுக்கு வந்த மாமா பின் கதவில் ஒரு கீறலைக் கண்டார். பெரிய கீறல் இல்லை, படலையில் உரசினது. ஒண்டும் பெரிசாச் சொல்லேல்லை. போகேக்க மட்டும் சொன்னார்: "அக்கா, இனி ஒருத்தருக்கும் குடுக்காதேங்கோ. ஞாயிற்றுக்கிழமையில ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி இருவது நிமிஷம் விடுங்கோ, காணும்."

அம்மாவுக்குக் கார் ஓடத் தெரியாது. ஸ்கூட்டி ஓடுவா. ஆனா சொன்னதைச் செய்வா. ஒவ்வொரு ஞாயிறும் கோயிலால வந்து, சமைக்கத் தொடங்க முதல், துணியை விலத்தி, கதவைத் திறந்து, சீற்றில் இருந்து பொத்தானை அமத்துவா. ரெண்டு தரம் அமத்தினா டாஷ்போர்ட் முழுக்க வெளிச்சம் வரும், காத்து அடிக்கும், யப்பான் பாஷையில் ஒரு பொம்பிளைக் குரல் என்னவோ சொல்லும். அம்மா மணிக்கூட்டைப் பாத்து இருவது நிமிஷம் இருந்து, நிப்பாட்டிப் போட்டு, திரும்பத் துணியைப் போர்ப்பா. ஒரு வருஷத்துக்கும் மேல ஒரு ஞாயிறும் விடேல்லை. கார் ஸ்டார்ட் ஆகித்தான் இருக்குது எண்டு நாங்கள் எல்லாரும் நினைச்சம். ஹைபிரிட் கார் சத்தம் போடாது எண்டுதானே சொன்னவை!

பிரேக்கை மிதிச்சுக்கொண்டு அமத்தினால்தான் அந்தக் கார் ஸ்டார்ட் ஆகும். "ரெடி" எண்ட பச்சை எழுத்து வர வேணும். வந்த பிறகுதான் பெரிய பற்றரி வேலைக்கு வரும், தேவையெண்டா எஞ்சின் தானா எழும்பிச் சார்ஜ் பண்ணும். பிரேக்கை மிதிக்காமல் அமத்தினா வெளிச்சமும் காத்தும் மட்டுந்தான், அதுவும் 12 வோல்ற் பற்றரியைத் திண்டுகொண்டு. அம்மா ஒவ்வொரு ஞாயிறும் இருவது நிமிஷம் அந்தக் காரின்ர உயிரைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கொண்டு இருந்திருக்கிறா. பெரிய பற்றரி ஒருக்காலும் சார்ஜ் ஆகேல்லை. புதுசாப் போட்ட 12 வோல்ற் பற்றரியும் ரெண்டு தரம் செத்தது. "மலிவுப் பற்றரி போட்டிட்டினம்" எண்டு நாங்கள் கடைக்காரரைப் பேசினம்.

2024 மார்கழியில் கார் ஒரேயடியா எழும்பேல்லை. ஓட்டோ அண்ணா கராஜில இருந்து ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வயர் போட்டு, ஸ்கானரைக் கொழுவிப் பாத்தா சிவப்பு முக்கோணம். கட்டுகளில் மூண்டு போயிட்டுது எண்டினம். விசிறியின்ர வாயைக் கழட்டினா உள்ளுக்குச் செம்மண்ணும் எலி கொண்டுவந்து வச்ச பஞ்சும்.

அண்டிரவு வீடியோ கோலில் மாமா கேட்டார்: "அக்கா, நான் சொன்னது ஒரு சின்ன வேலைதானே?"

அம்மா ஒண்டும் சொல்லேல்லை. அடுத்த ஞாயிறு கோயிலால வந்து என்ன செய்யிறதெண்டு தெரியாமல் போர்ட்டிக்கோவில் கொஞ்ச நேரம் நிண்டா.

இதில் மாமாவில் மட்டும் பிழை சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவர் இரவு வேலை, குளிருக்குள்ள, இருபத்தைஞ்சு வருஷத்துக்கு மேல. அவர் இங்க இருந்த காலத்தில் கார் எண்டது கலியாணத்துக்கு வாடகைக்குப் பிடிக்கிற பொருள். ஊரில் தனக்கு ஒரு கார் நிக்குது எண்ட நினைப்பு அவருக்கு ஊரோட இருக்கிற ஒரு கயிறு. அதை நான் பகிடி பண்ண மாட்டன். ஆனா அந்தக் கயிற்றின்ர மற்ற நுனியை ஆர் பிடிச்சுக்கொண்டு நிக்கினம் எண்டும் பாக்க வேணும்.

ஒரு கார் சும்மா நிண்டாலும் அதுக்கு எவ்வளவு வேலை எண்டு பாருங்கோ. வருஷா வருஷம் இன்சூரன்ஸ் புதுப்பிக்க வேணும். புகைப் பரிசோதனைக்குக் காரைக் கொண்டுபோக வேணும், அதுக்கு ஓட ஒரு ஆள் தேட வேணும். ரெண்டையும் எடுத்துக்கொண்டு உடுவில் பிரதேச செயலகத்துக்குப் போய் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க வேணும். ரயருக்குக் காத்து அடிக்க வேணும், இல்லாட்டி நிண்ட இடத்திலேயே தட்டையாப் போகும். ராங்கில் மாதக்கணக்கா நிக்கிற பெற்றோல் பழுதாகும். எலிக்குப் பொறி வைக்க வேணும். இதெல்லாம் அம்மாவின்ர வேலை. காசு மாமா அனுப்புவார், அதில் குறை சொல்ல ஏலாது. அம்மாவின்ர நேரத்துக்கு மட்டும் ஒருத்தரும் கணக்கு வச்சதில்லை.

இன்னொண்டும் இருக்கு. கார் பற்றின விளக்கம் எல்லாம் மாமா ஓட்டோ அண்ணாவோடதான் கதைப்பார். எஞ்சின், மைலேஜ், பற்றரி எல்லாம் ஆம்பிளையளின்ர கதை. "ஸ்டார்ட் பண்ணி விடுங்கோ" எண்ட வேலை மட்டும் அம்மாவுக்கு. பிரேக்கை மிதிக்க வேணும் எண்ட ஒரு வசனத்தை ஒருத்தரும் அம்மாவுக்குச் சொல்லேல்லை. காரோட வந்த கைநூல் முழுக்க யப்பான் மொழி. வேலையைக் குடுத்து அறிவைக் குடுக்காமல் விட்டிட்டு, பிழைச்ச உடனே பொறுப்பை மட்டும் கேக்கிறது நியாயமில்லை. இது காரில் மட்டும் நடக்கிறதும் இல்லை. வெளிநாட்டில் இருக்கிற ஆக்களின்ர வீடு, காணி, கிணறு, வயசான அப்பா அம்மா எல்லாம் ஊரில் நிண்ட ஒரு பொம்பிளையின்ர தலையில்தான் விழுகுது.

பேர் பிரச்சினையையும் சொல்ல வேணும். வாகனம் ஆரின்ர பேரில் இருக்கோ அவர் வசதியான ஆள் எண்டுதான் எந்தப் படிவமும் எடுக்கும். குடும்பத்தின்ர சொத்து விபரம் கேக்கிற இடத்தில் "கார் இருக்கு, ஆனா எங்கட இல்லை" எண்டு எழுத ஒரு கட்டமும் இல்லை. எங்கட பீடத்தில் என்னோட படிக்கிற ஆக்களிலயும் இந்தச் சங்கடம் உள்ள ஆக்கள் இருக்கினம். கார் ஓடேல்லை, கார்க்காரர் எண்ட பேர் மட்டும் ஓடுது.

எங்கட ஊருக்குக் கார் வச்சிருக்கத் தெரியாது எண்டும் சொல்ல ஏலாது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருக்கேக்க, சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் கேம்பிறிஜும் மொறிஸ் மைனரும் ஓடின இடம் இது. அந்தக் காருகளில் சில இப்பவும் யாழ்ப்பாணத்து றோட்டில் ஓடுது. அவை தப்பினதுக்குக் காரணம் எங்கட மெக்கானிக்மாரின்ர கை மட்டுமில்லை. அதை வச்சிருந்த ஆள் அதிலேயே இருந்து ஓடினவர். சத்தம் மாறினா அண்டைக்கே அவருக்குத் தெரியும். அக்குவா சத்தமும் போடாது, அதின்ர சொந்தக்காரர் பக்கத்திலயும் இல்லை.

"ஹைபிரிட் எண்டா சூழலுக்கு நல்லது" எண்டும் மாமா சொல்லுவார். ஓடினா நல்லதுதான். ஓடாத கார் ஒரு சொட்டு எண்ணெயையும் மிச்சப்படுத்தாது. கழட்டின அந்த மூண்டு கட்டும் எங்க போச்சு எண்டு நான் கேட்டன். "கராஜ் மூலையில கிடக்கும், தங்கச்சி" எண்டார் அண்ணா. அதுக்குள்ள இருக்கிறது காரக் கரைசல். சுன்னாகத்தில் இருந்துகொண்டு இதைச் சும்மா கேட்டிட்டுப் போக ஏலாது. எங்கட நிலத்துக்குக் கீழ சுண்ணாம்புக் கல், மேல ஊத்தினது கீழ இறங்கும். மின் நிலையத்துக் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், மின் உற்பத்தி செய்த நிறுவனம் பாதிக்கப்பட்ட சனத்துக்கு 2 கோடி ரூபா குடுக்க வேணும் எண்டு 2019 இல் உயர் நீதிமன்றம் சொன்னது. கிணற்றுத் தண்ணியில் எண்ணெய்ப் படலம் பாத்த ஊர் இது. பற்றரி மாத்துற ஆள் பழையதை என்ன செய்யிறார் எண்டு கேக்கிறதும் காரின்ர பராமரிப்பில் ஒரு பங்குதான்.

சரி, என்ன செய்யிறது? நான் மெக்கானிக் இல்லை, கலைப்பீடத்துப் பிள்ளை. ஆனா இந்த ஒரு வருஷத்தில் படிச்சதை வச்சு மூண்டு விஷயம் சொல்லலாம்.

முதலாவது, வருஷத்துக்கு மூண்டு கிழமைக்குத்தான் கார் தேவை எண்டா வாடகைக்கு எடுங்கோ. "விலை ஏறுது, வச்சிருப்பம்" எண்ட கணக்கு இறக்குமதி பூட்டியிருந்த காலத்துக் கணக்கு. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதியைத் திரும்பத் திறந்தாச்சு. வரி கூடத்தான், ஆனா கதவு திறந்திருக்கு. பற்றரி செத்த பழைய ஹைபிரிட்டுக்கு என்ன விலை வரும் எண்டு நீங்களே யோசியுங்கோ.

ரெண்டாவது, வச்சிருக்கத்தான் வேணும் எண்டா, திறப்பை உண்மையாக் குடுங்கோ. கிழமைக்கு ஒருக்கா அரை மணித்தியாலம் றோட்டில் ஓட வேணும். நியூட்றலில் விட்டா சார்ஜ் ஆகாது எண்டும், செம்மஞ்சள் நிறத் தடிச்ச வயரில் கை வைக்கக் கூடாது எண்டும், பின் சீற்றோர வாயைத் துப்புரவாக்க வேணும் எண்டும் பாக்கிற ஆளுக்கு, பாக்கிற ஆளின்ர மொழியில் சொல்லுங்கோ. ஓடினா கீறல் விழும். கீறலுக்குப் பெயின்ற் அடிக்கலாம்.

மூண்டாவது, பாக்கிற ஆளின்ர நேரத்துக்கு ஒரு பெறுமதி குடுங்கோ. சொந்தத்துக்குள்ள சம்பளமா எண்டு கேப்பினம். சம்பளம் எண்டு சொல்ல வேண்டாம். அந்தக் காரை அந்த வீட்டின்ர தேவைக்கும் பாவிக்கலாம் எண்டு மனசோட சொன்னாலே காணும். ஆஸ்பத்திரிக்குப் போக ஓட்டோ பிடிச்சுக்கொண்டு, போர்ட்டிக்கோவில் நிக்கிற காருக்குத் தூசு தட்டுற நிலைமை ஒரு அக்காவுக்கும் வர வேண்டாம்.

இப்ப கார் ஓடுது. மூண்டு கட்டை மாத்தினாச்சு. பழைய பதினேழோட புது மூண்டு எவ்வளவு காலம் ஒத்துப்போகும் எண்டு மெக்கானிக் உத்தரவாதம் தரேல்லை. நான் பங்குனியில் லைசென்ஸ் எடுத்திட்டன். ஞாயிற்றுக்கிழமையில அம்மாவை ஏத்திக்கொண்டு மல்லாகம், தெல்லிப்பழை தாண்டிக் கீரிமலை மட்டும் போட்டு வாறன். மாமாவிட்டைக் கேட்டனான். "கவனம்" எண்டு மட்டும் சொன்னார், ஓம் எண்டும் சொல்லேல்லை, வேண்டாம் எண்டும் சொல்லேல்லை.

இந்த முறை திருவிழாவுக்கு அவர் வாறார். கட்டுநாயக்காவில் இறங்கிறதுக்கு முதல் இதை வாசிப்பார் எண்டு நினைக்கிறன். மாமா, பின் கதவுக் கீறல் இன்னும் அப்பிடியேதான் இருக்கு. பிரேக்கை மிதிச்சுக்கொண்டு பொத்தானை அமத்த இப்ப அம்மாவுக்கும் தெரியும். அம்மாவோட அந்த இரவுக் கதையை ஒருக்கா நேர கதைச்சிட்டு, பிறகு காரை விக்கிறதா ஓடுறதா எண்டு முடிவெடுப்பம்.